வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்ட செவ்வாய்க்கிழமை

"பால் நிறுத்துமாறு இரண்டு தடவை சொல்லப்பட்டது. நிறுத்தவில்லை. வயிற்றில் வேறு நோய் இல்லை. நோயாளியின் சொல் நம்பத்தக்கதல்ல."

இந்த நான்கு வசனங்களும் நான் எழுதியவை. செவ்வாய்க்கிழமை, நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் பிறை பத்தொன்பது, முற்பகல். நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஒன்பதாம் பக்கத்தின் கீழ்ப்பாதி, நீல மை, அடியில் என் ஒப்பம். வருடத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதுமையாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து மழை, காய்ச்சல், கடல் ஊருக்குள் வந்த நாள் என்று எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி வைத்தவன் நான். ஆனால் வருடத்தை எழுதினால் அவர் யார் என்று ஊர் விரல் மடித்துக் கண்டுபிடித்துவிடும். ஒரு தடவை அவருடைய பெயரை நான் கெடுத்தது போதும். பின்னால் வருகிற சில விஷயங்களை வைத்து காலத்தை ஊகிப்பீர்கள். ஊகித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்காக என்னை எழுதச் சொன்னபோது, கொலரா பரவிவிடுமோ என்று பயந்த கிழமையைப் பற்றியோ, வெள்ளத்தில் மருந்துப் பெட்டிகளைத் தோணியில் ஏற்றியதைப் பற்றியோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றில் நான் நல்லவனாக வருவேன். ஆகவே அவற்றை விட்டுவிட்டேன்.

கல்முனைக்கு வடக்கே கரையோரத்தில் ஒரு சிறிய அரசாங்க மருந்தகத்தில் உதவி வைத்தியராக இருந்தேன். பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. என்றாலும் ஊர் என்னை டொக்டர் என்றுதான் கூப்பிட்டது, நானும் திருத்தவில்லை. வாசிக்கிற பழக்கம் இருந்தது. வைத்தியசாலைகளில் கழித்துவிடும் பழைய மருத்துவ சஞ்சிகைகளை வாங்கி வந்து ஒரு வரி விடாமல் படிப்பேன். அப்படிப் படித்ததில் ஒன்றுதான் பாலில் உள்ள சர்க்கரை, அந்த லக்டோஸ், வளர்ந்தவர்கள் பலருக்குச் செரிப்பதில்லை என்பது. வயிறு ஊதும், இரையும், கழியும். நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. பாலை விட்டால் சரியாகிவிடும்.

அதைப் படித்த மறு மாதம் அவர் வந்தார். முன்பள்ளி டீச்சர், முப்பது வயதுக்குள். இந்த எழுத்தில் அவரை டீச்சர் என்று மட்டும் சொல்வேன்.

"தேத்தண்ணி குடிச்சு, ரொட்டி திண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரக்குள்ள வயிறு ஊதிப் போகுது டொக்டர். கடமுடா எண்டு சத்தம். புள்ளயளுக்குப் பாட்டுப் படிச்சுக் குடுக்கிற நேரத்துல உட்டுப்போட்டு ஓட வேண்டியிரிக்கி."

"பால் குடிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர். பால் வாசமே எனக்கு ஒத்துவாறல்ல. சின்னத்துல இருந்தே குடிக்கிறல்ல."

"தயிர்?"

"அது இடைக்கிட, கலியாண வீட்டுல."

"அதையும் விடுங்க. சோத்துல, கறியில, எதிலயும் பால் சேரக் கூடாது. வெளங்கிச்சா?"

"சோத்துலயும் கறியிலயுமா?"

"ஒரு சொட்டும் வேணாம்."

சோற்றிலும் கறியிலுமா என்று அவர் கேட்டது ஒரு கதவு. அந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் நின்றிருந்தால் மீதிக் கதை நடந்திருக்காது. நான் அடுத்த சீட்டை எடுத்தேன். என் அனுமானம் சரி என்ற சந்தோஷத்தில் இருந்தேன். அனுமானம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் இதில் மிகவும் வெட்கமான பகுதி.

இரண்டாம் முறை வந்தபோது வயிறு அப்படியே இருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. நான் முன்பு சொன்னதையே கொஞ்சம் உரத்துச் சொன்னேன்.

மூன்றாம் முறைதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் காலம். வரிசை வாசலைத் தாண்டி வேலி வரை நின்றது. பிள்ளைகளின் அழுகை, மின்விசிறி வேலை செய்யவில்லை, காலையில் இருந்து நான் எழும்பவில்லை. இதையெல்லாம் சாட்டுக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் இப்படியான முற்பகல்கள் வரும், அவற்றில்தான் நாம் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியவரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"பால் நிப்பாட்டினீங்களா?"

"ஓம் டொக்டர். வீட்டுல ஆருக்குமே இல்ல. என்டவர் மூஞ்ச நீட்டிக்கிட்டுத்தான் சோறு திங்கிறார்."

மனைவி பால் குடிப்பதை நிறுத்தினால் கணவன் சோற்றுக்கு முன்னால் ஏன் முகத்தை நீட்ட வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

"அப்ப ஏன் இன்னும் வயிறு ஊதுது?"

"தெரியா டொக்டர்."

"வீட்டுல பூனை இரிக்கா டீச்சர்?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார். "ஓம், ஒண்டு இரிக்கி."

"அப்ப அதுதான் பாலக் குடிக்கிதாக்கும். ஊதுறது மட்டும் ஒங்கட வயிறு."

வரிசை சிரித்தது. முன்வாங்கில் இருந்தவர்கள் பின்னால் நின்றவர்களுக்குத் திருப்பிச் சொல்ல, சிரிப்பு வேலி வரை போவது எனக்குக் கேட்டது. காலையில் இருந்து முகம் சுளித்துக்கொண்டிருந்த கூட்டம் இளகிவிட்டது என்று நான் திருப்திப்பட்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "டொக்டர், இது நோய்தான் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்க. புள்ளயளத் தனிய உட்டுட்டுப் போறன் எண்டு பள்ளிக்கூடக் கொமிட்டியில கேக்கிறாங்க. துண்டு இருந்தா ஒரு ஆளத் துணைக்குத் தருவாங்களாம்," என்றார்.

துண்டு எழுதவில்லை. கொப்பியை வாங்கி, மேலே சொன்ன நான்கு வசனங்களை எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்தார். அவ்விடத்திலேயே, என் மேசைக்கு முன்னால் நின்று, இரண்டு முறை வாசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாறன் டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களிடம் அப்போது ஒரு தாதி இருந்தார். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், என்னைவிட மூத்தவர், மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பத்தரைக்குத் தேத்தண்ணி வந்தபோது கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, "டொக்டர், அந்தப் பிள்ளை உங்கட முகத்தைப் பார்த்துத்தான் கதைச்சது. பொய் சொல்லுற ஆக்கள் மேசையைப் பார்த்துக் கதைப்பாங்க," என்றார்.

"அவ படிச்சவ மிஸ். முகத்தப் பாத்துப் பொய் செல்லவும் தெரியும்," என்று சொல்லி அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். பெட்டிப் பால்மா போட்டு, கெட்டியாகக் கலந்த தேத்தண்ணி.

கொமிட்டி துண்டு கேட்டது. டீச்சரிடம் இருந்தது கொப்பி மட்டும்தான். அதைக் கொண்டுபோய்க் காட்டினார். தன் மேல் பொய்க்காரி என்று எழுதியிருக்கிற கொப்பியை ஒருவர் ஏன் காட்ட வேண்டும் என்று பிற்பாடு பல நாள் யோசித்தேன். மறைக்க அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். நோன்புப் பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அந்த இடத்தில் வேறொரு டீச்சர் இருந்தார்.

அதற்குள் என் பூனைப் பகிடி எனக்கு முன்னால் நடந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மீன் வாங்கிக்கொண்டு நிற்கையில் மீன்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம், "பூனை டீச்சர் வாறாகா, கீரி மீன மூடி வை" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர்தான் குடையோடு வந்துகொண்டிருந்தார். நான் கூசவில்லை. என் வாயில் பிறந்தது ஊருக்குள் உலாவுகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன். அன்றைய நாட்குறிப்பில் கீரி மீனின் விலை இருக்கிறது. அவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிறகு நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. அதற்குக் கொஞ்சம் முந்தியே பால்மா கடைகளில் இருந்து காணாமல் போயிருந்தது. அந்தக் காலத்தில் டீச்சர் உம்மாவின் பிரஷர் மருந்துக்காக வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"வயிறு எப்பிடி?"

"அல்ஹம்துலில்லாஹ், இப்ப ஒண்டுமில்ல டொக்டர். ரெண்டு மாசமா நல்ல சுகம். உம்மா நேர்த்தி வெச்சா."

"பாத்தீங்களா, நான் சென்னத இப்பதான் கேட்டிருக்கீங்க."

"நான் அப்பவும் கேட்டன் டொக்டர்," என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. அதனால் எனக்கு அது ஏறவில்லை.

எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். பழைய ஊதல், பழைய ஓட்டம், ஒட்டிய கன்னம். அன்றைக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. ஏதோ இடித்தது. இரண்டு மாதம் சுகமாக இருந்த ஒருவர், நான் சொன்னதைக் கேட்காமல் விட்டதனால்தான் திரும்ப வந்தார் என்றால், சுகமான காலத்தில் மட்டும் ஏன் கேட்டார்?

பதில் அதே கிழமை என் வீட்டுக் குசினியில் இருந்து வந்தது. வெளியே போகப் புறப்பட்ட என்னிடம் மனைவி உள்ளே இருந்து, "வரக்குள்ள மா எடுத்துட்டு வாங்க, முடிஞ்சிட்டு," என்றார்.

"என்ன மா? அரிசி மாவா, கோதம்ப மாவா?"

"இதென்ன புதுக் கேள்வி? தேத்தண்ணி மா."

வாசலில் செருப்பைப் போட்டபடி நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பால்மாவுக்குப் பெயர் வெறும் மா. பெட்டியில் வருவது மா, கரண்டியில் எடுப்பது மா, தேத்தண்ணியில் போடுவது மா. பால் என்பது வேறு. குசினியில் பால் என்றால் தேங்காயைத் திருவிப் பிழிந்து எடுப்பது. சொதிக்குப் பால், கறிக்குப் பால், நோன்புக் கஞ்சிக்குப் பால். இது எனக்குத் தெரியாத பாஷை அல்ல. ஐம்பத்தெட்டு வருடம் என் வீட்டில், என் வாயால் பேசிய பாஷை. மருந்தக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவுடன் நான் சஞ்சிகையின் பாஷைக்கு மாறிவிடுவேன். நோயாளியும் கூடவே மாறிவிடுவார் என்று நினைத்திருக்கிறேன்.

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'கடையில் மா இல்லை' என்று முதன்முதலில் நானே எழுதிய நாளையும், 'மா வந்தது, ஆளுக்கு ஒரு பெட்டி' என்று எழுதிய நாளையும் மருந்தகத்துப் பதிவோடு ஒப்பிட்டேன். அவர் சுகமாக இருந்த காலம் அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் அடங்கிக் கிடந்தது. மா என்றே எழுதியிருந்தேன், பாருங்கள். பால்மா என்றுகூட எழுதவில்லை.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சரின் உம்மா கதவைத் திறந்தார். டொக்டர் வீடு தேடி வந்துவிட்டார் என்று பதறி, நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. மதித்து வந்த விருந்தாளிக்கு எங்கள் ஊரில் எவரும் மா போடாத பிளேன்டி கொடுக்கமாட்டார்கள்.

"இதுல என்னென்ன போட்டிரிக்கி?" என்று கேட்டேன்.

"ஏன் டொக்டர், ருசி காணாதா? தேயில, சீனி, மா."

"பால்?"

"பாலா?" அவர் குரல் மாறியது. "பால இந்த வீட்டுல மறந்து கன காலம் டொக்டர். நீங்க சென்ன நாளையில இருந்து ஒரு தேங்காப் புழியல்ல. சொதி இல்ல, பால்கறி இல்ல. போன நோன்புக் கஞ்சியக்கூட வெறும் தண்ணியிலதான் காச்சின. மருமகன் ஒரு நாளைக்கு, 'மாமி, இது கஞ்சியா, சட்டி கழுவினதா' எண்டு கேட்டார். என்ட புள்ளைக்குச் சுகம் வரணுமே எண்டு எல்லாரும் பொறுத்துக்கிட்டம்."

"டீச்சர் தேத்தண்ணி எத்தின தரம் குடிப்பா?"

"முன்ன ரெண்டு தரம். இப்ப சோறு இறங்குதில்ல, மெலிஞ்சிட்டா. அதால நான் மாவக் கூடப் போட்டு நாலு தரம் குடுக்கன்."

கோப்பை என் கையில் இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

டீச்சர் உள்ளேயிருந்து வந்து வாசல் சீலைக்குப் பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன். நன்றாகச் சொல்லவில்லை, லக்டோஸ், செரிமானம், சஞ்சிகை என்று சுற்றி வந்து, கடைசியில்தான் மாவும் பால்தான் என்று சொன்னேன். உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "என்ட கையாலயா குடுத்தன்" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் குசினிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து பார்த்தார். "பால் எண்டு எழுதித்தான் இரிக்கி. மாட்டுப் படமும் இரிக்கி. தினமும் பாக்கிறன் டொக்டர். ஆனா எனக்கு இது மா." பெட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நான் பொய் செல்லல்ல எண்டு ஒங்களுக்கு வெளங்கிட்டா?"

"ஓம்."

"அத அந்த வரிசையில வெச்சுச் செல்லுவீங்களா?"

"செல்றன்" என்றேன். "வாற செவ்வாய்க்கிழமை."

அவருக்குப் பிறகு நடந்ததை உங்கள் தேவைக்காகச் சொல்கிறேன். தேங்காய்ப்பால் அன்றைக்கே அந்த வீட்டுக்குத் திரும்பியது. தேத்தண்ணியில் தேங்காய்ப்பால் கலந்து பார்த்தார்கள். எண்ணெய் மிதந்தது, டீச்சரின் கணவர் அதற்குச் சீனிச் சொதி என்று பெயர் வைத்தார். சோயாப் பால் ஒரு பெட்டி வாங்கினார்கள். அதைப் பூனைகூடத் தொடவில்லை என்று உம்மா என்னிடமே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசியில் நிலைத்தது இஞ்சி போட்ட பிளேன்டி. நான் தடுத்த தயிர், உறைகிறபோதே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு கழிந்துவிடுவதால், சோற்றோடு கொஞ்சமாகச் சாப்பிட்டால் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. எலும்புக்கு நெத்தலியும் எள்ளும் முருங்கையிலையும் சொன்னேன். விட வேண்டியவற்றையும், மாப் பிஸ்கட், சத்துமா, கலியாண வீட்டுப் பலூடா என்று பெயர் பெயராகச் சொன்னேன். மிகவும் கஷ்டமாக இருந்தது போகிற வீடுகளில் "எனக்குப் பிளேன்டி" என்று கேட்பதுதானாம். பெருமைக்காரி என்று நினைக்கிறார்களாம். மூன்று கிழமையில் வயிறு அடங்கியது.

கொப்பியில் என் நான்கு வசனங்களையும் கோடிட்டு வெட்டி, பிழை என்னுடையது என்று எழுதி ஒப்பமிட்டேன். கொமிட்டிக்கும் கடிதம் கொடுத்தேன். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது.

இனி, நான் வாக்குக் கொடுத்த செவ்வாய்க்கிழமை. அவர் வந்திருந்தார். சீட்டு எடுக்கவில்லை, சுவரோரமாக நின்றார். வரிசை நிறைய ஆட்கள். எனக்கு ஓய்வுக்கு ஐந்து கிழமை இருந்தது. பிரியாவிடைக்கு ஊர்ப் பெரியவர்கள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஆளுக்குப் பிறகு சொல்லலாம், இந்தப் பிள்ளையின் காய்ச்சலைப் பார்த்த பிறகு சொல்லலாம் என்று ஒவ்வொரு சீட்டாக எடுத்தேன். ஒரு மணி நேரம் நின்றார். பிறகு தலைநிமிர்ந்து பார்த்தேன், சுவரோரம் வெறுமையாக இருந்தது. மிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது வேறொருவர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வரிசை தொடங்கியவுடனேயே எழுந்து நின்று சொன்னேன். "இந்த இடத்துல வெச்சு ஒரு டீச்சரப் பகிடி பண்ணினன். அவ பொய் செல்லல்ல. கேள்விய நான் பிழையாக் கேட்டன், பிழையா எழுதினன். அந்தப் பேரச் செல்லி இனி ஆரும் அவவக் கூப்பிட வேணாம்."

வாங்கில் இருந்த ஒரு முதியவர், "எந்த டீச்சர் டொக்டர்?" என்று கேட்டார். பின்னால் இருந்து ஒரு பெண், "மருந்தத் தாங்க டொக்டர், பஸ் போயிரும்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. பகிடி வேலி வரை போனது. இது முன்வாங்கைக்கூடத் தாண்டவில்லை.

டீச்சர் அன்று வரவில்லை.

பால் குடிக்கிறீர்களா என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. காலையில் எழும்பியதில் இருந்து கோப்பையில் என்ன விழுந்தது, சட்டியில் என்ன விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பின்னும் சொந்தக்காரர்கள் வந்தால் இதைத்தான் செய்கிறேன். உங்களிடம் இதைவிட நல்ல கேள்வி இருந்தால் அதைக் கேளுங்கள். வரிசையைச் சிரிக்க வைப்பதற்காக மட்டும் எதையும் கேட்காதீர்கள்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நான் பேசியபோது, கதவுக்குப் பக்கத்தில் மண்ணிற அபாயா போட்ட ஒரு பெண் நின்றார். அவர் டீச்சரின் கணவருடைய தங்கை என்று மிஸ் பிறகு சொன்னார். மிஸ்ஸுக்கும் அது நிச்சயமில்லை. அன்றைய பதிவில் அந்தக் குடும்பப் பெயர் எதுவும் இல்லை. சீட்டு எடுக்காமல் வந்திருக்கலாம். அவர்தானா, அவர் போய்ச் சொன்னாரா, நான் சொன்ன சொல் உரியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை இன்றுவரை நான் உறுதிப்படுத்தவில்லை. அந்த வீடு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். போய்க் கேட்டால் தெரிந்துவிடும். இன்னும் போகவில்லை.